ஆடு நக்கிய உமிக்கட்டி

பிரபு வீட்டுப் பின்கதவோரம் விறகுக்குப் பதிலாக எரிக்க அடுக்கி வைத்திருந்த உமிக்கட்டிகளை ஓர் ஆடு நக்கிக்கொண்டிருந்தது.

கடிக்கவில்லை. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, நாக்கை முழுதாக நீட்டி, ஒரே கட்டியை மேலிருந்து கீழாக நக்கியது. பிறகு அடுத்த கட்டிக்குப் போனது. முற்றத்துப் புல் முழுக்க உறைபனி. காலை வெயில் வந்திருந்தும் மூடுபனி வேலிக்கு அப்பால் போகவில்லை.

பிரபு கம்பளித் தொப்பியும் செருப்புமாகப் படியில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். என் லொறியைக் கண்டதும் கையைக் காட்டினான்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க! உங்க பிசினஸுக்குப் புது கஸ்டமர் வந்திருக்கு!"

நானும் சிரித்தேன். கையைத் தட்டி ஆட்டை விரட்டினேன். இந்த ஊர் ஆடுகள் மனிதரைக் கண்டாலே கூட்டமாக ஓடுகிறவை. இது ஓடவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடுக்குக்கே வந்தது. வேலி உடைந்த பக்கத்தால் இன்னும் இரண்டு வந்து அதை முட்டித் தள்ளின.

"நேத்துலேருந்து இதே கூத்துண்ணே. விரட்டினா போகமாட்டேங்குது. உமின்னா ஆட்டுக்கு அவ்ளோ பிடிக்குமா?"

பிடிக்காது. அதுதான் என்னை உறுத்தியது. என் கொட்டகைக்கு வெளியே உமி மலைபோலக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

ஒரு கட்டியை எடுத்து முறித்தேன். நல்ல கட்டி 'டக்' என்று முறியும். இது நமுத்த பிஸ்கட் போல வளைந்து, பிறகு பிரிந்தது. பிரிந்த இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன்.

உப்பு. மோர்மிளகாயைக் கடித்தது போன்ற உப்பு.

"ஐயோ, நீங்களுமா! ரேவதி, இங்க வந்து பாரேன், அண்ணனும் நக்குறாரு!" பிரபு வீடியோவை நிறுத்தவில்லை.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

புட்டு

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு நான் ஓரிடத்தில் நிற்காதவன் என்பது தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. படகில் வந்தேன். மீன் வெட்டினேன், காளான் பிடுங்கினேன், இறைச்சித் தொழிற்சாலையில் தரை கழுவினேன். விசா கடிதம் வருமோ வராதோ என்ற பயத்திலேயே ஊர் ஊராக மாறினேன். ஓர் ஊரில் நாலு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் எனக்குக் கால் அரிக்கும்.

நெல் விளையும் இந்த மேற்குப் பக்கத்துக்கு வந்தது முந்திரிகைத் தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டத்தான். சிட்னியிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலம். நெல், கோதுமை, பாதாம், முந்திரிகை.

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். வானம் கிழமைக்கணக்கில் பழுப்பாக இருக்கும். ஆலைக்குப் பின்னால் உமி குவியும். பாதாம் ஓடு குன்றாக நிற்கும். அதே ஊரில் குளிர்காலம் வந்ததும் சனம் விறகு தேடி அலையும். காய்ந்த விறகு கிடைக்காது. கிடைத்தால் விலை எட்டாது. ஒரு பக்கம் எங்கே போடுவதென்று தெரியாமல் எரிக்கிறார்கள். மறுபக்கம் எரிக்க ஒன்றுமில்லாமல் நடுங்குகிறார்கள். இடையில் ஒருவன் நின்றால் பிழைக்கலாம் என்று பட்டது.

யாரோ கைவிட்ட பழைய அழுத்து மெஷின் ஒன்று கிடைத்தது. ஒரு முந்திரிகைத் தோட்டக்காரரின் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன்.

உமியை மட்டும் அழுத்தினால் சூடு காணாது. எரிந்த பிறகும் சாம்பல் அதே உருவத்தில் நிற்கும், செத்ததை ஒத்துக்கொள்ளாதது போல. வைக்கோல் மட்டும் என்றால் கடதாசி போலப் பொசுக்கென்று போய்விடும். பாதாம் ஓடு நல்ல தணல் தரும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. மூன்றையும் அரைத்து, கலந்து, ஒட்டுவதற்கு ஏதாவது சேர்த்து அழுத்த வேண்டும். எந்த அளவு என்பதைக் கை சொல்வதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது.

மெஷின் கட்டியை உருளையாக, நடுவில் துளையோடு தள்ளும். துளையால் காற்றுப் போய் நின்று எரியும். அதை முதலில் சிட்னிப் பக்கம் டூங்கபியில் இருக்கும் செல்வி அன்ரிக்குத்தான் காட்டினேன். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புட்டெல்லோ தம்பி! தேங்காய்ப்பூவை எங்க விட்டனீ?"

அன்றிலிருந்து அவருக்கு அது புட்டுத்தான்.

செல்வி அன்ரியின் வாளி

செல்வி அன்ரி தன் வீட்டுக் கராஜைக் குசினியாக்கிச் சாப்பாடு செய்து கொடுப்பவர். கல்யாணம், சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள், எதுவென்றாலும் சனி ஞாயிறில் அவருடைய பெரிய கிடாரங்கள் அடுப்பில் இருக்கும். என் தொழில் அப்போது பாதி கட்டி, பாதி மரக்கறி. இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கத்தரிக்காயையும் பாகற்காயையும் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ராத்ஃபீல்ட், டூங்கபி கடைகளுக்குக் கொடுப்பேன். திரும்பும்போது லொறி வெறுமையாக வரும். வெறும் லொறி ஓட்டுவது எனக்குப் பசியோடு படுப்பது மாதிரி.

அவர் சோறு வடித்த கஞ்சியைப் பின்வளவில் ஊற்றுவதை ஒருநாள் கண்டேன். புல் முழுக்க வெள்ளைப் படலம்.

"அன்ரி, அதை எனக்குத் தாங்கோவன். கட்டி ஒட்டுறதுக்கு நல்ல சாமான்."

"அடுப்புக்கும் நான்தான் சமைச்சுப் போடோணுமோ?" என்றார். ஆனால் அடுத்த கிழமையே மூடி போட்ட பெரிய வாளிகள் வாசலில் வரிசையாக நின்றன.

முதல் வருடக் கட்டிகள் செங்கல் போல இருந்தன. கஞ்சிக்கு அப்படி ஒரு பிடி. பிறகு கோடை வந்தது. ஞாயிறு வடித்த கஞ்சி நான் வந்து ஏற்றி, வெயிலில் ஓடி, கொட்டகையில் இறக்குவதற்குள் புளித்து நுரைத்துவிடும். நாற்றத்தில் தோட்டக்காரர் என் கொட்டகைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

இதை ஒருநாள் அன்ரியிடம் சும்மா சொல்லி வைத்தேன். ஒருவர் குறை சொன்னால் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் சரிசெய்கிற ஆள் அவர். இரண்டு கிழமை கழித்து வாளியை ஏற்றும்போது சொன்னார்:

"இனிக் கெடாது தம்பி. நான் பாத்துக்கொண்டன்."

கராஜில் பெரிய குளிர்ப்பெட்டி இருந்தது. அதில் வைத்து எடுத்திருப்பார் என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் கெடவே இல்லை. கோடை முடிந்து இலையுதிர் காலம் முழுக்க அந்தக் கஞ்சியில்தான் கட்டி போட்டேன். குளிர் தொடங்கியபோது சில மூட்டைகள் கொஞ்சம் இளகியிருந்தன. இந்த வருடம் மூடுபனி அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிரபு வீட்டு வாசலில், உடைந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. எலுமிச்சங்காய், மாங்காய், மீன், மோர்மிளகாய். கெடக் கூடாது என்று நினைக்கிற எதற்கும் எங்கள் வீடுகளில் என்ன போடுவோம்? யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கை தானாக அந்த உப்புப் பேணிக்குப் போகும்.

கடல் விறகு

உப்பு என்றால் என்ன, நெருப்பில் போகிற சாமான்தானே என்று வேறொருவன் விட்டிருப்பான். என்னால் விட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது.

பல வருடத்துக்கு முன் தெற்குக் கடற்கரையில் சிப்பிப் பண்ணையில் வேலை. நாலைந்து பேர் ஒரு பழைய கரவன் வண்டியில் இருந்தோம். அதில் ஓர் இரும்பு ஹீட்டர். விறகு வாங்க வழியில்லாததால் கரை ஒதுங்கிய மரங்களைப் பொறுக்கிக் காயவைத்து எரித்தோம். நீலமும் பச்சையுமாக அழகாக எரியும். ரேசா என்ற ஈரானியன் அதைப் பார்த்துக்கொண்டே பாடுவான்.

குளிர்காலம் முடிவதற்குள் அந்த இரும்பு வெல்லம் போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு நாள் எல்லோருக்கும் தலையிடி. காய்ச்சல் வருகிறது போலும் என்று பனடோல் மாத்திரை போட்டோம். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகக் கதவைத் திறந்த ரேசா அப்படியே படியில் விழுந்தான். குளிர்காற்றுப் பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான். புகைபோக்கி உள்ளே இற்று விழுந்து அடைத்திருந்தது. புகை கண்டிருந்தால் ஓடியிருப்போம். தணலிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கடல் மரத்தை எரிக்கக் கூடாது, அதிலுள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று பிறகு பண்ணைக்காரன் சொன்னான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றான்.

இப்போது என் கையிலிருந்த கட்டியைப் பார்த்தேன். பிரபு வீட்டுக் கூரையைப் பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து புகை வருகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெல்லிய ஒரு நூல்.

சமர்த்துப் பிள்ளை

பிரபுவும் ரேவதியும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பிரபு படிக்க வந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் ஓர் அறையில் ஆறு பேரோடு கிடந்தவன். நகரத்துக்கு வெளியே சில வருடம் வாழ்ந்தால்தான் நிரந்தர விசா என்பதால் இங்கே வந்து, ஒரு பாதாம் கம்பனியில் கணக்குப் பார்க்கிறான். ரேவதி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குளிர் தொடங்கும்போது ஆண் பிள்ளை பிறந்தது. மகிழன் என்று பெயர். ஊரிலிருந்து வரவேண்டிய ரேவதியின் அம்மாவுக்கு விசா இன்னும் வரவில்லை.

வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பலகை வீடு. கரண்ட் ஹீட்டரைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். நடு அறையிலுள்ள இரும்பு ஹீட்டர்தான் ஒரே சூடு. குளிர் தொடங்கியதிலிருந்து அதில் எரிவது என் கட்டி மட்டும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடென்று நல்ல மூட்டைகளாகப் பார்த்து நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போனேன். முகத்தில் சூடு அடித்தது. முதலில் பார்த்தது ஹீட்டர் கண்ணாடியை. முன்பு உள்ளே நெருப்பு தெளிவாகத் தெரியும். இப்போது தார் பூசினது போல ஒரே கறுப்பு. காற்று இழுக்காத அடுப்பின் கண்ணாடிதான் அப்படி ஆகும். ஒரு கரண்டியால் குழாயை மெல்லத் தட்டினேன். உள்ளே சரசரவென்று ஏதோ உதிர்ந்து விழுந்தது.

ரேவதி சோபாவில் கால்களை மடக்கிச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் கூடையில் பிள்ளை.

"வாங்கண்ணா. டீ போடவா?" என்று எழுந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "மூணு நாளா ஒரே தலைவலி. தூக்கமில்லாம வர்றது."

"பிள்ளை அழுது எழுப்புறானோ?"

"அதான் இல்லண்ணா! போன வாரம் வரைக்கும் ஊரைக் கூட்டினான். இப்ப ரெண்டு மூணு நாளா அவ்ளோ சமர்த்து. பாலுக்கே நான்தான் எழுப்ப வேண்டியிருக்கு. வீடு கதகதன்னு இருக்குல்ல? உங்க கட்டிதான் அவனுக்குத் தாலாட்டு."

அவள் சிரித்தாள்.

முன்கதவைத் திறந்தேன். பின்கதவைத் திறந்தேன். ஜன்னல் ஒன்று பெயின்டில் ஒட்டிக் கிடந்தது. தோளால் இடித்துத் திறந்தேன். பனிக்காற்று அறைக்குள் பாய்ந்தது. பிரபு ஓடி வந்தான்.

"அண்ணே! என்ன பண்றீங்க? பச்சக் குழந்தை இருக்குண்ணே! சளி புடிக்கும்!"

"தம்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வா."

"வெளியிலயா? ஐஸு கொட்டுது! ஆடு நக்குனதுக்கா இவ்ளோ டென்ஷன்?" அவன் கதவை மூடப் போனான். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவன் அப்போது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போல இருந்தது.

"இந்த ஹீட்டர் அடைச்சுப் போச்சு தம்பி. கட்டியில உப்பு இருக்கு. குழாய் உக்கி விழுந்திட்டுது. விஷக்காத்து உள்ளுக்கத்தான் வருது."

"புகையே இல்லையேண்ணே! அலாரம்கூட அடிக்கல!" கூரையிலிருந்த வெள்ளை வட்டத்தைக் காட்டினான். அது புகைக்கு மட்டும் அடிக்கிற அலாரம்.

அப்போது ரேவதி எழுந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஹீட்டரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு வேறு ஒரு குரலில் கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கேட்கிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"பிரபு. உனக்குத் தலை வலிக்குதா?"

"எனக்கா? லேசா. ஸ்கிரீன் பாத்துப் பாத்து…"

"எத்தனை நாளா?"

என் தோளிலிருந்த அவன் கை தானாக இறங்கியது.

ரேவதி பிள்ளையைத் தூக்கினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். நெற்றியை மட்டும் சுருக்கிவிட்டு அவன் மறுபடி தூங்கப் போனான். இன்னொரு முறை சுண்டினாள். சுருக்கக்கூட இல்லை.

"கார்ல ஏறு," என்றாள். "நீ ஓட்டாத. அண்ணா ஓட்டுவாங்க."

திறந்த ஜன்னல்

ஆம்புலன்ஸ் ஊரிலிருந்து வந்து திரும்புவதைவிட நாமே போவது சீக்கிரம் என்று அவள்தான் முடிவெடுத்தாள். போனில் தன் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, யார், எத்தனை பேர், என்ன என்று மூன்று வசனத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. பேசி முடித்துப் போனை மடியில் வைத்தவள் பிள்ளையின் கம்பளியை இன்னொருமுறை இழுத்துச் சுற்றினாள். நான் கண்ணாடியில் பார்த்தேன்.

நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். பனி கத்தி போல உள்ளே வந்தது. பிள்ளை பின்சீட்டில் கட்டப்பட்ட கூடைக்குள் கம்பளியில் சுற்றிக் கிடந்தான். முகம் மட்டும் வெளியே. ரேவதி அவன் கன்னத்தில் விரலை வைத்திருந்தாள்.

"மகிழா. டேய் மகிழா. அம்மாடா. கண்ணத் தொற."

ஒரு சத்தமும் இல்லை.

அந்தப் பாதை நேர்ப்பாதை. ஒரு வளைவும் கிடையாது. அவ்வளவு நீளமான பாதையை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. அறுத்த வயல்களின் அடித்தட்டை இரண்டு பக்கமும் ஓடியது. ஆலையின் உமிக்குவியல் பனிக்குள் தெரிந்து மறைந்தது. என் பிழைப்பெல்லாம் அந்தக் குவியலில்தான் இருந்தது.

பிரபு முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். பெல்ட் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மூச்சு விடுறானா? ரேவதி, மூச்சு விடுறானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"விடுறான். பேசாம இரு. எண்ணிட்டிருக்கேன்."

நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கடலில் வந்தபோதே வேண்டுவதையெல்லாம் வேண்டி முடித்துவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கரவன் படியில் விழுந்து கிடந்த ரேசாவின் முகம்தான் கண்ணாடிக்கு முன்னால் வந்து வந்து போயிற்று. அவன் வளர்ந்த ஆள். இது ஒரு கைப்பிடி உயிர்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு சிறு தும்மல். பிறகு ஒரு விக்கல் மாதிரி. பிறகு, பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிசாக, அழுகை.

பிரபு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பாதையைப் பார்த்தேன்.

அழுகை வளர்ந்தது. குளிர்காற்று அவன் வாய்க்குள் போகப் போகச் சத்தம் கூடியது. ஆத்திரம் பிடித்தவன் போலக் கத்தினான். கம்பளியை உதைத்தான். அந்தக் காரில் யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அவனை அழவிட்டுக்கொண்டே போனோம்.

அடைப்பு

மூன்று பேருக்கும் முகமூடி போட்டுப் பிராணவாயு கொடுத்தார்கள். பிள்ளைக்கு மிகச் சின்ன முகமூடி. ரேவதியோடு வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்று தொடங்கிவிட்டு, ரேவதியின் முகத்தைப் பார்த்ததும் வசனத்தை முடிக்காமல் விட்டார். பிள்ளை தப்பிவிட்டான், ஓரிரு நாள் வைத்துப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

நான் கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்து செல்வி அன்ரியைக் கூப்பிட்டேன். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"அன்ரி, கஞ்சிக்கு உப்புப் போட்டனீங்களே?"

"ஓம் தம்பி. நல்லா அள்ளிப் போட்டனான். ஏன், காணாதே? இன்னும் போடோணுமே?"

நடந்ததை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எண்ணெய்ச் சத்தம் நின்றது, அடுப்பை அணைத்திருப்பார்.

"பிள்ளை?"

"ஒக்சிசன் குடுக்கினம். இப்ப பரவாயில்லை."

"நான் கெடாமல் இருக்கத்தான்டா போட்டனான்," என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரரும் ஹீட்டர் பொருத்துகிறவரும் வந்து குழாயைக் கழற்றினார்கள். துருப் பொருக்குகள் உடைந்த தட்டைவடை போலப் புகைவழியில் குவிந்திருந்தன. குழாய் எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது என்றார் பொருத்துகிறவர். உப்பு அதை அவசரப்படுத்தியது. உப்புக் கட்டி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்ததால் கொழுந்து விட்டு எரியாமல் உள்ளுக்குள் கனன்று புழுங்கியே கிடந்தது. ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நானும் நிலத்தைத்தான் பார்த்தேன்.

பிறகு வீடு வீடாகப் போய் அந்த மூட்டைகளையெல்லாம் திரும்ப எடுத்தேன். எந்தக் கதவு திறக்கும்போதும் முதல் கேள்வி, தலையிடி இருக்கிறதா என்பதுதான். நல்ல காலம், வேறு யாருக்கும் இல்லை. ஒரு கிழவர் மட்டும் மூட்டையைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். எரிக்க மாட்டாராம், தன் ஆடுகளுக்கு நக்க வைப்பாராம். பசையில் வேறு என்னென்ன கலந்திருக்கிறதென்று எனக்கே நிச்சயமில்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மெஷின் ஓடவில்லை. எனக்கு வழக்கம்போலக் கால் அரித்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போயிருப்பேன். ரேவதிதான் போகவிடவில்லை. புதுக் குழாய் போட்ட பிறகு, அந்த வாயுவுக்கே அடிக்கிற அலாரம் ஒன்று வாங்கி மாட்டிய பிறகு, அவளே போன் செய்தாள். "உப்பில்லாத கட்டி எப்பண்ணா வரும்?" என்று கேட்டாள். பிரபு அருகிலிருந்து, "அண்ணனை முதல்ல நக்கிப் பாத்துட்டுக் கொண்டுவரச் சொல்லு," என்பது கேட்டது.

வாசலில்

செல்வி அன்ரி அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. கிழமைகள் போயின. மரக்கறி லொறியோடு டூங்கபிக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுத் தெருவால் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒரு திங்கட்கிழமை கடைக்காரர் சொன்னார், "அன்ரி உம்மை வரச் சொன்னவா."

வாசலில் வாளிகள் வரிசையாக நின்றன. அன்ரி கராஜுக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பாராமல் முதல் வாளியின் மூடியைத் திறந்து, விரலை விட்டு நக்கிக் காட்டினார். பிறகு வாளியை என் பக்கம் தள்ளினார். நானும் விரலை விட்டு நக்கினேன். சப்பென்றிருந்தது. அடுத்த வாளி. அதற்கடுத்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தன் கடிதப்பெட்டியடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸுக்க வைச்சனான்," என்றார் அன்ரி. "ஒரு கல் உப்பும் இல்லை."

"தெரியுது அன்ரி."

அவர் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார். கடைசி வாளியில் கையை வைத்தபடியே, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பிள்ளை… இப்ப அழுகிறவனே?"

போனை எடுத்தேன். ரேவதி எனக்கு அடிக்கடி ஒரு குரல் பதிவு அனுப்புவாள். வேறொன்றும் எழுதமாட்டாள். அதில் ஒன்றைப் போட்டேன். பசியோ கோபமோ, மகிழன் தொண்டை கிழியக் கத்தினான். இடையில் பிரபு, "போதும்டா சாமி, காது போச்சு," என்று கெஞ்சுவது கேட்டது.

அன்ரி அசையாமல் நின்று முழுதையும் கேட்டார். முடிந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"இன்னொருக்காப் போடு, தம்பி," என்றார்.